இராவணன் அரண்மனையில் நமக்கு என்ன வேலை?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் என்றொரு கிராமம். சரித்திரப் புத்தகத்தில் இரண்டு தடவை தலைகாட்டும் ஊர். முதல் தடவை 7ஆம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் மோதிக்கொண்ட காலத்தில். 634ஆம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டு, பல்லவன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்தான் என்கிறது. பிற்காலப் பல்லவர்கள் வெளியிட்ட காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் புள்ளலூரில் தன் பகைவர்களை அழித்தான் என்கிறது. கல் ஒரு பேச்சு, செம்பு ஒரு பேச்சு. இங்கே வில்லனாக இருப்பவன் அங்கே வீரன்.

இரண்டாவது தடவை 1780 செப்டம்பர் 10. ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து கர்னல் பெய்லியின் படையைப் புள்ளலூரில் வளைத்து நொறுக்கினார்கள். வெள்ளைக்காரனுக்கு அதற்கப்புறம் நூறு வருஷத்துக்குத் திப்புதான் வில்லன். பொம்மை செய்து, நாடகம் போட்டு, படம் வரைந்து அவனைக் கொடியவனாக்கினார்கள். திப்பு சும்மா இருந்தானா? ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்க அந்தச் சண்டையை எழுதிவைக்கச் சொன்னான். அதில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறான். மறு வருஷம் 1781 ஆகஸ்டில் அதே இடத்தில் ஐர் கூட் வந்து மறுபடி சண்டை. அதில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகள் இரண்டு பேருக்கு நினைவுத் தூண் எழுப்பி அது இன்றைக்கும் புள்ளலூரில் நிற்கிறது.

அவன் கதையும் ஆச்சு, இவன் கதையும் ஆச்சு. பெய்லியின் படை ஏறக்குறைய 3,800 பேர். அதில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். சென்னைப் படையில் அந்தக் காலத்திலேயே பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். சிப்பாய்களுக்குப் பின்னால் மாடோட்டுகிறவன், புல்லறுக்கிறவன், பல்லக்குத் தூக்குகிறவன், பீரங்கி இழுக்கிறவன். படை போன வழியெல்லாம் எரிந்துபோன ஊர்கள், அதைத் தொடர்ந்து வந்த பஞ்சம். இவங்க பேர் தூணிலும் இல்லை, திப்புவின் சுவரிலும் இல்லை. சுவரில் வரிசை வரிசையாகச் சிவப்புச் சட்டை தெரிகிறது, அவ்வளவுதான்.

வில்லன் பக்கமிருந்து கதையைத் திருப்பிச் சொல்வது என்கிற காரியத்தைப் பற்றி நமக்குள்ளே பேச இதைவிட வாகான இடம் எனக்குத் தெரியவில்லை. இப்போது இது மோஸ்தராகிவிட்டது. 'வெற்றி பெற்றவன் எழுதியதே சரித்திரம்' என்று கல்லூரிப் பேச்சுப்போட்டியில் கைத்தட்டு வாங்குகிறார்கள். இராவணன் பக்கமிருந்து நாவல், துரியோதனன் பக்கமிருந்து நாவல், வாலி பக்கமிருந்து கவிதை. நம்ம பசங்களும் எழுதுறாங்க, நல்லாவே எழுதுறாங்க. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: தோற்ற ராஜாவும் ராஜாதானே? அவன் பக்கம் போய் நின்றால் நமக்கு என்ன கிடைக்கும்?

கேள்வியை இப்படிக் கேட்பதால் முன்னோடிகளின் உழைப்பைத் தட்டிவிடுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1861இல் வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன் தத்தர் மேகநாதன் வதையைக் காவியமாக எழுதி இராமன் பக்கம் சாய்ந்திருந்த தராசை இந்தப் பக்கம் இழுத்தார். தமிழில் இந்தக் காரியம் இலக்கியத்தோடு நிற்காமல் அரசியலானது. 1930இல் பெரியாரின் 'இராமாயணப் பாத்திரங்கள்'. 1934இல் பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' மேடையேறியது. 1946இல் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்', ஐந்து காண்டம், 3,100 பாட்டு. 1948இல் காங்கிரஸ் சர்க்கார் அதைத் தடைசெய்தது. தடை நீங்க 1971 வரை ஆனது. எம்.ஆர். ராதா இராமாயண நாடகம் போட்டதும் 1954இல் நாடகத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. வடக்கே லலாய் சிங், பெரியாரின் நூலை 1968இல் இந்தியில் கொண்டுவந்தார். உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார், அரசு மேல்முறையீடு போக 1976இல் உச்சநீதிமன்றத்திலும் ஜெயித்தார். ஒரு கதையைப் புரட்டிச் சொன்னதற்கு இத்தனை போலீசும் கோர்ட்டும் வந்தது என்றால் புரட்டிய இடத்தில் ஏதோ வலித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

வலித்தது யாருக்கு, எந்த இடத்தில் என்று பார்க்கணும். அங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் கணக்கு வேறாகிறது.

'இராவண காவியம்' கம்பனை எதிர்த்து எழுந்த நூல். எதிர்த்தது சரி, ஆனால் எழுந்தது கம்பன் போட்ட பாயிலேயே. அதே விருத்தம், அதே நாட்டு வளம், நகர வளம், கொற்றவன் சிறப்பு. இராமன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இராவணனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். நாற்காலியைத் தொடவில்லை. அவன் ஆரியன், இவன் தமிழன். அவன் வஞ்சகன், இவன் மானமுள்ளவன். அரண்மனை அப்படியேதான் இருக்கிறது. அந்த அரண்மனையின் கக்கூசை யார் கழுவினான், இலங்கையில் செத்த மாட்டை யார் தூக்கினான், போரில் விழுந்த பிணத்தையெல்லாம் யார் எரித்தான் என்று காவியம் கேட்காது. காவியத்தின் கண் அந்த உயரத்துக்குக் கீழே இறங்காது. 'இரணியன்' நாடகத்தில் இன்னொரு சங்கடம். பிரகலாதனை அப்பனுக்கு எதிராகத் திருப்புவதற்கு ஒரு ஆரியப் பெண்ணை மயக்குகாரியாக அனுப்புகிறார்கள். வில்லன் நல்லவனாகிவிட்டான், வில்லி வேலைக்கு மட்டும் பெண் தேவைப்படுகிறாள். சூர்ப்பனகையின் மூக்கை அறுத்ததைக் கண்டித்து மணிக்கணக்காய்ப் பேசிய மேடைகள், அதே மூச்சில் இதையும் கைத்தட்டி ரசித்தன.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கு. இராவணன் யார்? மூலக்கதைப்படி புலஸ்திய முனிவனின் பேரன். வேதம் படித்தவன். பிராமணன். இராமேசுவரம் போனால் தல புராணத்தைக் கேட்டுப் பாருங்கள். இராவணனைக் கொன்ற பிரமஹத்தி தோஷம் தீர இராமன் மணல் லிங்கத்தைக் கும்பிட்ட இடம் என்றுதான் சொல்வார்கள். பொண்டாட்டியைத் தூக்கிப் போனவனைக் கொன்றதற்கே பரிகாரம். அவ்வளவு பெரிய கோயில், அவ்வளவு நீளமான பிராகாரம், அவ்வளவு தீர்த்தம்.

இதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உத்தரகாண்டத்தைப் படியுங்கள். ஒரு பிராமணன் செத்துப்போன தன் பிள்ளையைக் கொண்டுவந்து அரண்மனை வாசலில் கிடத்துகிறான். எங்கேயோ ஒரு சூத்திரன் தவம் செய்கிறான், அதனால்தான் பிள்ளை செத்தது என்று நாரதன் சொல்கிறான். இராமன் புஷ்பக விமானத்தை வரவழைத்து ஏறித் தேடுகிறான். கவனியுங்கள், அது இராவணன் வைத்திருந்த விமானம். வில்லனிடமிருந்து வந்த வண்டியில் ஏறித்தான் சம்பூகனைக் கொல்லப் போகிறான்! தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிற ஒருவனைப் பார்த்து நீ என்ன வருணம் என்று கேட்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. சூத்திரன், பேர் சம்பூகன் என்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை விழுகிறது. வானத்திலிருந்து பூமாரி. பிராமணப் பிள்ளை எழுந்து உட்காருகிறது. இந்தக் கொலைக்குத் தோஷம் கிடையாது, பரிகாரம் கிடையாது, லிங்கம் கிடையாது, தீர்த்தம் கிடையாது.

வில்லனாவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டியிருக்கிறது தோழர்களே. நிலம் வேணும், படை வேணும், கொன்றால் கொன்றவனுக்குப் பாவம் ஒட்டுகிற பிறப்பு வேணும். சம்பூகனுக்கு அந்த அந்தஸ்தே கொடுக்கப்படவில்லை. அவன் வில்லன் இல்லை, வெறும் காரணம். ஒரு பிள்ளை சாவுக்குச் சொல்லப்பட்ட காரணம். இன்றைக்கும் சேரிப் பையன் நல்ல சட்டை போட்டால், மோட்டார் சைக்கிளில் ஊர்த்தெருவுக்குள் போனால், எங்கேயோ ஒருத்தனுக்கு ஏதோ செத்துப்போகிறது. (வில் வைத்திருப்பவன் வில்லன் என்று நம் மேடைகளில் ஒரு பழைய சிலேடை உண்டு. இராமனைக் குத்துவதற்குச் சொல்வது. ஏகலைவனும் வில் வைத்திருந்தவன்தான். அவன் கட்டைவிரல்தான் போச்சு.)

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது இராவணனைத் தேடிப்போகவில்லை, நேராகச் சம்பூகனிடம் போனார். நால்வருணம் தானாக நிற்காது, மீறுகிறவனுக்குத் தண்டனை கொடுத்தால்தான் நிற்கும், இராம ராஜ்யத்துக்குச் சம்பூகன் கொலை விதிவிலக்கு அல்ல, தேவை என்பது அவர் வாதம். அவர் கேட்டது சட்டம் யார் கையில், யார் கழுத்துக்கு என்று. யார் நல்லவன், யார் கெட்டவன் என்கிற கேள்வி அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

தமிழ் இலக்கியச் சண்டையில் சம்பூகன் நடுவில் வராமல் போனதற்கு ஒரு காரணம் கம்பனேதான். கம்பன் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டான், உத்தரகாண்டம் அவன் பாடியதில்லை. 1943இல் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மேடையில் மோதியபோதும் சண்டை கம்பனைக் கொளுத்தலாமா கூடாதா என்பதுதான். பெரியார் சம்பூகனை விடாமல் பேசினார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் புலவர்களின் கை அவனைக் காவியமாக்கப் போகவில்லை. தெலுங்கில் திரிபுரனேனி இராமசாமி சௌதரி 1920இலேயே சம்பூகன் வதையை நாடகமாக்கினார். கன்னடத்தில் குவெம்பு 1944இல் 'சூத்ர தபஸ்வி' எழுதினார். குவெம்புவின் நாடகத்தில் அஸ்திரம் சம்பூகனை விட்டுவிட்டுப் பிராமணனைத் துரத்துகிறது, பிராமணன் புத்தி தெளிகிறான். அழகான கற்பனைதான். ஆனால் அதில் காப்பாற்றப்படுவது யார் என்று பார்த்தால் இராமனும் சேர்ந்து காப்பாற்றப்படுகிறான். கொலை செய்யாத நல்ல ராஜாவாகி வெளியே வருகிறான். அதுக்கே மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்குக் கோபம் வந்தது என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டிலும் இந்த ஆட்டம் நடக்கிறது. 1971இல் ஜான் கார்ட்னர் 'கிரெண்டல்' என்று ஒரு பழைய ஆங்கிலக் காவியத்தின் அரக்கனையே பேசவிட்டு நாவல் எழுதினார். 1900இல் ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் கதையில் வரும் சூனியக்காரியைக் கதாநாயகியாக்கி 1995இல் கிரெகரி மகுவயர் நாவல் எழுத, அது 2003இல் பெரிய மேடை நாடகமாகிக் கோடிகளைக் கொட்டியது, சினிமாவும் ஆனது. வில்லிக்கு நல்ல விலை. அதே பாம் 1890-91இல் தான் நடத்திய பத்திரிகையில், செவ்விந்தியர்களை மிச்சம் வைக்காமல் அழித்துவிட வேண்டும் என்று தலையங்கம் எழுதினவர். சூனியக்காரிக்காகக் கண்ணீர்விடும் அரங்கத்தில் அந்தச் செவ்விந்தியனுக்கு நாற்காலி இல்லை. கற்பனையில் வருகிற வில்லனுக்கு அழுவது சுலபம், செலவு இல்லாதது. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சக்திசாலி என்றால் எல்லோருக்கும் அதில் தன் முகம் தெரிகிறது. வசதியானவனுக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஆனந்த் நீலகண்டனின் 'அசுரா' (2012) இந்த இடத்தில் கொஞ்சம் வித்தியாசமான முயற்சி. அதில் இராவணன் மட்டும் கதை சொல்லவில்லை, பத்ரன் என்கிற ஒரு ஏழை அசுரனும் சொல்கிறான். இராவணனுக்காக எல்லாவற்றையும் இழப்பவன் அவன். இராவணன் பேசும் பக்கங்களைவிடப் பத்ரன் பேசும் பக்கங்கள்தான் நிற்கின்றன. ஆனால் அட்டையில் அவன் கிடையாது.

எழுத்தை விட்டு இப்போ கூத்துக்கு வருவோம். ஏன்னா நம்ம சனங்க இந்தக் கதைகளைக் காவியத்தில் படித்து வளரவில்லை. காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர் பக்கமெல்லாம் பங்குனி சித்திரை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசி நாள் படுகளம். திறந்த வெளியில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்வார்கள். ஆள் உயரம் இல்லை, பத்து ஆள் உயரம். முறுக்கு மீசை, பிதுங்கிய கண், மார்பு நிறைய வர்ணம். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொடையில் அடித்தால் உள்ளே வைத்த செந்நீர் தெறிக்கும். அம்மன் கூந்தல் முடிப்பாள். இதெல்லாம் ஜெயித்தவன் கதை. ஆனால் அப்புறம் ஒன்று நடக்கும். துரியோதனன் பெண்டாட்டியோ தாயோ வேஷம் கட்டி மொறத்தையும் தொடப்பத்தையும் தூக்கிக்கிட்டு வந்து மாரடித்து ஒப்பாரி வைப்பாங்க. நம்ம பொம்பளைங்க கூடவே அழும். யாருக்காக அழுதுங்க? பாரதத்திலேயே பெரிய வில்லனுக்காக. எந்த மறுவாசிப்பும் படிக்காமல், எந்தக் கோட்பாடும் தெரியாமல், எதிரிப் பக்கத்துப் பொண்டாட்டியின் துக்கத்தில் போய் உட்கார நம்ம ஆத்தாக்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'இராவண காவியம்' 3,100 பாட்டில் செய்யப் பார்த்ததை இவர்கள் ஒரு ஒப்பாரியில் செய்துவிடுகிறார்கள் என்று நான் சொன்னால் புலவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் கூத்து நம்முடையது, கோயிலும் நம்முடையது என்று கிளம்பிவிடவும் முடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரல் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞரை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான், அதுவும் போலீஸ் காவலோடு, சேரி சனம் உள்ளே போக முடிந்தது. சபையில் அவமானப்பட்டவளைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறவர்கள், வாசலில் நம்மை அவமானப்படுத்தினார்கள். துரியோதனன் கெட்டவன் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தத் துரியோதனன்தான் தேரோட்டி மகனுக்கு நாடு கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தவன். அதுக்குக் காரணம் அரசியல் லாபம்தான், தெரியாமல் இல்லை. இருந்தாலும் பந்தியில் சேர்த்தானே.

கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ண மோட்சம் கூத்து நடந்தால் விடியும்வரை ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள். பொண்டாட்டி பொன்னுருவியே தேரோட்டி மகன் என்று அவனை இளக்காரம் பண்ணுவாள். நம்ம ஆள் ஒவ்வொருத்தனுக்கும் அது நெஞ்சில் தைக்கும். கடைசியில் என்ன ஆகிறது? அவன் தேரோட்டி மகனே இல்லையாம், குந்தி பெற்ற ராஜ வம்சமாம். அழுத கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம், அநியாயம் நடந்தது ஒரு சத்திரியனுக்குத்தான். மதுரை வீரன் கதையிலும் இதே வித்தை. சக்கிலியர் வீட்டில் வளர்ந்தான், ஆனால் பிறந்தது காசி ராஜாவுக்கு. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அதேதான். காத்தவராயனுக்கும் ஒரு தெய்வப் பிறப்பு ஒட்டவைத்தார்கள். கீழே பிறந்தவன் கீழே பிறந்தவனாகவே இருந்து பெரியவனாகிவிடக் கூடாது என்பதில் கதைகளுக்கு ஒரு அக்கறை இருக்கிறது. வில்லனை வீரனாக்குகிற நம் மறுகதைகள் இந்தப் பிறப்பு வித்தையை உடைத்தனவா என்று பார்க்கணும். பெரும்பாலும் இல்லை. ஆரிய ராஜவம்சத்துக்குப் பதில் தமிழ் ராஜவம்சம், அவ்வளவே.

சமீபத்துச் சினிமாவில் இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். மணிரத்னத்தின் 'இராவணன்' (2010) பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காடும் மழையும் நன்றாக இருந்தது. பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) வேறு. அங்கே இராமாயணக் கதை ஒரு வீட்டில் ஓதப்பட, வெளியே தாராவியைத் தாக்குகிறார்கள். இராவணனுக்கு அரண்மனை இல்லை, குடிசைதான். அவன் கேட்பது ராஜ்யம் இல்லை, நிலம். இராவணனை அரண்மனையைவிட்டு இறக்கியது அந்தப் படத்தின் பெரிய காரியம். ஆனாலும் பேர் கரிகாலன், சோழ ராஜா பேர். பழக்கம் விடமாட்டேங்குது.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) இன்னும் ஒரு படி. இதில் குந்தி கிடையாது. பொடியங்குளத்துக் கர்ணன் பொடியங்குளத்தானேதான், கடைசியில் பிறப்பு ரகசியம் எதுவும் உடையாது. ஊர்ப்பெரியவர் பேர் துரியோதனன். அடிக்கிற போலீஸ் அதிகாரி பேர் கண்ணபிரான். ஸ்டேஷனுக்கு வந்த கிழவர்களின் பேரைக் கேட்டு அந்த அதிகாரிக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தில் தமிழில் எழுதப்பட்ட மிகச் சரியான விமர்சனம் என்பேன். வில்லன் பேராக இருந்தாலும் அது ராஜா பேர், அதை நீ எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவன் கோபம். நமக்கு வில்லன் பேர்கூட அதிகம்! 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீட்டுச் சாமானையெல்லாம் நொறுக்கியதை அறிந்தவர்களுக்கு இது கற்பனை இல்லை என்று தெரியும். அங்கேயும் டிவியும் ஃபேனும் வைத்திருந்ததுதான் கண்ணை உறுத்தியது. ஆனால் இந்தப் படத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது கர்ணனின் வாளும் குதிரையும் இல்லை. பஸ் நிற்காததால் நடுரோட்டில் வலிப்பு வந்து செத்துப்போகிறாளே ஒரு சின்னப் பெண், காட்டுப்பேச்சி, அவளிடமிருந்து கதை ஆரம்பிப்பது. பாரதத்தில் அவளுக்கு இடமே கிடையாது. வில்லனும் இல்லை, வீரனும் இல்லை. சம்பூகன் போலச் செத்துப்போன ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த இடத்திலிருந்து பாரதத்தைத் தொடங்கினால் அது வேற பாரதம். திரௌபதி என்று ஒரு பாத்திரத்துக்குப் பேர் வைத்துவிட்டு அவளுக்குப் பெரிதாக வேலை கொடுக்காமல் போனது குறைதான்.

அயோத்திதாசப் பண்டிதரிடம் ஒரு பாடம் இருக்கிறது. அவர் வில்லனை நல்லவனாக்கும் வேலையில் இறங்கவில்லை. இந்தக் கதையை யார், எதற்காக, எதைத் திரித்துச் செய்தான் என்று கேட்டார். நந்தன் கதையை அப்படித்தான் பிரித்தார், அரிச்சந்திரன் கதையைப் பொய்யென்று காட்டிச் சிறு நூலே எழுதினார். அரிச்சந்திரன் கதைதான் நமக்கு மிகக் கிட்டே இருப்பது. காந்தி சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்த்து உருகி, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனாக இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம், சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நமக்கு வேறு கேள்வி வருகிறது. எல்லாரும் ஏன் வீரபாகுவை மறந்தார்கள்?

மயான காண்டம் கூத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் விட்டவன் விசுவாமித்திரன், பிரம்மரிஷி. பொண்டாட்டி பிள்ளையை விலைக்கு வாங்கி வேலை வாங்கியது ஒரு பிராமணன் வீடு. பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிப்போட ஒரு ஆள் அனுப்பாத வீடு. வீரபாகு என்ன செய்தான்? கேட்ட விலையை எண்ணிக் கொடுத்தான். வேலை கொடுத்தான், மயானத்தைக் காவல் காக்கச் சொன்னான். முழத்துண்டு, கால்பணம், வாய்க்கரிசி. இதுதான் கூலி, இதுதான் கணக்கு, யாராக இருந்தாலும் இதில்லாமல் பிணம் வேகாது என்றான். கதை முழுக்கச் சொன்ன சொல் தவறாதவன் அரிச்சந்திரன் மட்டும் இல்லை. ஆனால் கதைக்கு அவன் எதற்காகத் தேவைப்படுகிறான்? ராஜா எவ்வளவு ஆழத்தில் விழுந்தான் என்று அளந்து காட்ட. பறையனுக்கு அடிமையானான் என்றால் அதற்குக் கீழே பாதாளம் கிடையாது. சபை 'ஐயோ' என்கிறது. அந்த 'ஐயோ' யாரைப் பார்த்து? ஓரத்தில் உட்கார்ந்து கூத்துப் பார்க்கிற நம்ம தாத்தாவைப் பார்த்துத்தானே. வீரபாகு வேஷம் கட்டுகிறவன் கள்ளுக் குடித்துத் தள்ளாடி, உளறி, சிரிப்புக் காட்டணும். கோமாளிக்கு அடுத்த இடம்.

வில்லன்கூட இல்லை, வில்லனுக்கும் கீழே. இராவணனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

கடைசியில் தேவர்கள் வந்து எல்லா முடிச்சையும் அவிழ்க்கிறபோது இன்னொரு அநியாயம். வீரபாகு உண்மையில் பறையன் இல்லை என்கிறார்கள். கூத்தில் அவன் எமதருமன். மார்க்கண்டேய புராணத்திலும் அரிச்சந்திரனை வாங்கிய சண்டாளன் தர்மதேவதைதான், வேஷம் போட்டு வந்ததாம். கர்ணனுக்குச் செய்த வித்தையே இங்கேயும். நாணயமாக நடந்தவன் எப்படிப் பறையனாக இருக்க முடியும்? ராஜா எப்படி நிஜமாகவே பறையனிடம் வேலை பார்த்திருக்க முடியும்? தீட்டைக் கழுவிவிட்டுத்தான் அவனை அயோத்திக்கு அனுப்புகிறார்கள். மயானத்தில் அரிச்சந்திரனுக்குக் கல் நட்டு, பாடையை இறக்கிவைத்து, தேங்காய் உடைத்துப் பிணத்தைத் தூக்குகிறார்கள் இன்றைக்கும். அந்தச் சடங்கைச் செய்கிற வெட்டியான் வீரபாகுவின் வாரிசு. வீரபாகுவுக்கு ஒரு கல் இல்லை.

கதையைத் திருப்பி எழுத நினைக்கிற மாணவர்களிடம், கூத்துக் கட்டுகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இராவணனை இன்னொரு ஐம்பது பேர் எழுதுவார்கள், அவனுக்கு ஆள் இருக்கு. மயான காண்டத்தை எடுங்க. பாட்டை மாற்ற வேண்டாம், ராகத்தை மாற்ற வேண்டாம். வீரபாகுவைத் தள்ளாடாமல் நேராக நிற்கவையுங்க. விலை பேசுகிற காட்சியில் பணத்தை அவன் எண்ணட்டும், ராஜா கை நீட்டட்டும். பிணம் எரிக்க எத்தனை கட்டை வேணும், எத்தனை எரு வேணும், மழை நாளில் எப்படி அடுக்கணும் என்று அவன் அரிச்சந்திரனுக்குக் கத்துக்கொடுக்கிற ஒரு காட்சி சேருங்க. அது அவன் வித்தை, ராஜாவுக்குத் தெரியாத வித்தை. கடைசியில் தேவர்கள் வரட்டும், பிள்ளை பிழைக்கட்டும், ராஜா ஊருக்குப் போகட்டும். எமன் வேஷத்தை மட்டும் எடுத்துடுங்க. வீரபாகு வீரபாகுவாகவே அங்கே நிற்கட்டும். பொழுது விடிஞ்சா அடுத்த பொணம் வரும், கால்பணம் வாங்க ஆள் வேணும்.